அரை இஞ்ச் டெய்லரின் கோல்ஃப் தரை

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பது அந்தத் தெருவில் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் 'அரை இஞ்ச்' டெய்லர். எந்தத் துணியைக் கொடுத்தாலும் தையலுக்குள்ளே அரை இஞ்ச் கூடுதலாக மடித்து விட்டுத்தான் தைப்பார். "நாளைக்கே உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். ஒல்லிக்குச்சிகளிடமும் இதையேதான் சொல்வார். அவர்களும் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள்.

இந்தப் பழக்கம் துணியோடு நின்றிருந்தால் கதைக்கு வேலையில்லை. மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டார். "உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இருக்காது சம்பந்தி" என்று அவர் சொன்னதுதான் தாமதம், டெய்லருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் இல்ல? எங்க வீட்டுக் கொல்லையிலேயே பந்து உருட்ட ஒரு புல்தரை போட்டு வச்சிருக்கேனே!"

பக்கத்தில் இருந்த மனைவிக்குப் புரையேறியது. கொல்லையில் அப்போது இருந்தது ஒரு துணிக்கொடியும் ஓர் உடைந்த வாளியும்தான்.

மூன்று மாதம் அந்தப் பொய் நிம்மதியாகத் தூங்கியது. பிறகு மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, மாமா ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வராராம். மட்டையெல்லாம் துடைச்சு வச்சாச்சு. சம்பந்தி வீட்டுல கோல்ஃப் தரை இருக்குன்னு ஒருத்தர் விடாம சொல்லிட்டாரு. அப்பா... நிஜமாவே இருக்கா?"

கடைசியில் குரல் இறங்கிவிட்டது. புகுந்த வீட்டில் இப்போதுதான் காலூன்றுகிற பெண். அப்பா புளுகர் என்று பெயர் வந்தால் தலைகுனிய வேண்டியது அவள்தான். "இருக்கும்மா" என்றார் டெய்லர். 'இருக்கப்போகுது' என்றிருந்தால் பாதியாவது உண்மையாக இருந்திருக்கும்.

"பேச்சுலயும் உள்ளே இவ்வளவு துணி விடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று மனைவி முறைத்தாள். முறைத்தாலும் துணிக்கொடியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

டெய்லர் மண்ணைக் கொத்திச் சமன் செய்தார். கல்தூளைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினார். செயற்கைப் புல் பாய் மாதிரி சுருளாக வந்து இறங்கியது. ஒரு சுருளின் அகலம் போதாது, இரண்டை இணைக்க வேண்டும். "ரெண்டு ஓரத்தையும் முட்ட வச்சு, அடியில பட்டி கொடுத்து ஒட்டிடுங்க" என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒட்டுவதா? காலமெல்லாம் மிஷின் மிதித்தவரிடம் சொல்கிற பேச்சா இது! கோணி ஊசியை எடுத்தார். ஓரங்களை உள்ளே மடித்து நைலான் நூலால் நெருக்கமாகத் தைத்தார். மடிப்பில் மறக்காமல் அரை இஞ்ச் விட்டார்.

"இதுக்கு எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"நாளைக்கே கொல்லையைப் பெருசு பண்ணினா பிரிச்சு விட்டுக்கலாம்."

"அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு சமையலறை."

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பால்பவுடர் டப்பாவைப் புதைத்துக் குழி அமைத்தார். பழைய சாமான் கடையில் வாங்கிய மட்டையால் பந்தை உருட்டிப் பார்த்தபோதுதான் வினை தெரிந்தது. தரைக்கு நடுவே தையல் புடைத்துக்கொண்டு நின்றது. பந்து அதில் ஏறி, ஒரு துள்ளுத் துள்ளி, வலப்பக்கம் ஓடியது. பிரித்துத் தைக்க நேரமில்லை. எவ்வளவு இடப்பக்கம் தள்ளி அடித்தால் துள்ளுகிற பந்து டப்பாவுக்குள் விழும் என்று பழகிக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் அடித்ததெல்லாம் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை டெய்லரின் மகளோடு சம்பந்தி வந்து இறங்கினார். வெள்ளைத் தொப்பி, உடம்பைப் பிடிக்கிற வெள்ளை பேண்ட். "பிரமாதம் சம்பந்தி!" என்று தரையைத் தடவிப் பார்த்தார். நின்று, குறி பார்த்து, அடித்தார். பந்து தையலில் துள்ளிச் சுவரில் மோதியது. அடுத்தது சாக்கடைப் பக்கம் போனது. அதற்கடுத்ததும் அங்கேயே போனது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பழக்கம் விட்டுப்போச்சு. நீங்க அடிங்க" என்றார்.

டெய்லர் மட்டையை எடுத்தார். அடித்தால் விழும், சந்தேகமே இல்லை. சமையலறை வாசலில் நின்ற மகள், மாமனாரின் முகத்தையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தாலும் சங்கடம் அவளுக்குத்தான் என்பது டெய்லருக்கு அப்போதுதான் உறைத்தது. மட்டையைக் கீழே வைத்தார்.

"உங்க கையில தப்பில்ல சம்பந்தி, என் தையல்லதான் தப்பு. இது போன வாரம் போட்ட தரை. நான் இந்த ஆட்டத்தை ஆடினதே இல்ல. அன்னைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, அவளைத் தப்பா நினைச்சுடாதீங்க."

சம்பந்தி தரைக்கு நடுவே புடைத்திருந்த தையலைக் காலால் தடவிப் பார்த்தார்.

"எனக்காகவா இவ்வளவும்?" என்றார். "சரி, எங்க மடிச்சிருக்கீங்க, காட்டுங்க." தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் போட்டுக் குனிந்தார்.

டர்ரென்று ஒரு சத்தம்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மகளுக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. டெய்லருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. "யாரு தெச்சது இதை? உள்ள துளிகூடத் துணி விடலையே!"

"கடையில வாங்கினது சம்பந்தி" என்றார் அவர், இரண்டு கையாலும் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு. பிறகு அவரே முதலில் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் மகளுக்கு மூச்சு வந்தது.

சம்பந்தி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு புல்லின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். டெய்லர் தையலைப் பிரித்து, மனசே இல்லாமல் அந்த அரை இஞ்சை வெட்டி எறிந்து, கடைக்காரர் சொன்னபடி ஒட்டினார். சம்பந்தி அடித்த பந்து இப்போது நேராக ஓடியது. ஓடி, குழியைத் தாண்டிச் சுவரில் முட்டியது.

"இப்ப யாரைக் குறை சொல்றது?" என்றார் சம்பந்தி.

சாயங்காலம் டெய்லர் பேண்டை மிஷினில் வைத்து, கிழிந்த இடத்தில் வெள்ளைத் துணி சேர்த்தார். சம்பந்தி துண்டோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"கொஞ்சம் தாராளமாவே விட்டுத் தைங்க சம்பந்தி. இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பாடு எனக்கு இங்கதான்."

மகள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். டெய்லர் அரை இஞ்ச் விடவில்லை. முழுசாக ஒரு இஞ்ச் விட்டார்.