நிக்கட்டும் வீரையா

கண்டிக்குப் பக்கத்து ரயில் யார்ட் ஒன்றில் வீரையாவுக்கு 'நிக்கட்டும்' என்று பட்டப்பெயர். எஞ்சினைப் பெட்டிகளோடு பூட்டும் சண்டிங் வேலை அவருக்கு. எஞ்சின் முழுதாக நின்ற பிறகுதான் இடையில் நுழைந்து கொளுக்கியை மாட்டவேண்டும். அது விதி. மற்றவர்களோ அது உருண்டுகொண்டிருக்கும்போதே பாய்ந்துவிடுவார்கள். அப்படிப் பாய்கிறவன்தான் அங்கே கெட்டிக்காரன். வீரையா மட்டும் கையை உயர்த்தி, "நிக்கட்டும்!" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு மழைநாள் ரயில் பிந்திவிட்டது. பயணிகள் ஜன்னல் வழியே சத்தம் போட்டார்கள். ட்ரைவர் நபீல், வீரையாவின் பழைய கூட்டாளி, எஞ்சினிலிருந்து தலையை நீட்டினார்.

"என்ன வீரையா, இண்டைக்கும் பயமா?"

விளையாட்டுக்குக் கேட்டதுதான். அன்று ஏனோ சுருக்கென்று தைத்தது. எஞ்சின் நிற்குமுன்பே வீரையா இடையில் நுழைந்தார். ஈரத் தண்டவாளத்தில் எஞ்சின் வழுக்கி ஒரு முழம் கூடுதலாக வந்தது.

நசுங்கிய வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நபீல் தேம்பி அழுதார். "என்ட வாயால வந்த வினை."

"நான்தானே உள்ள போனேன்" என்றார் வீரையா.

கொஞ்சக் காலம் யார்ட் முழுவதும் எஞ்சின் நிற்கும்வரை காத்திருந்தது. பிறகு ஒவ்வொருவராகப் பழைய வழக்கத்துக்குத் திரும்பினார்கள். யார்ட் ஓரத்துச் சாமான் அறையில் வேலை பார்த்துவந்த வீரையா, ஒருநாள் சண்டிங் வேலைக்குப் புதிதாக வந்த பையன் தினேஸ் உருளும் எஞ்சினுக்கு முன்னால் குனிவதைக் கண்டு பதறி ஓடினார்.

"டேய், நிக்கட்டும்டா!"

தினேஸ் கொளுக்கியை மாட்டிவிட்டு வெளியே வந்தான். "நீங்களே உள்ள போனவருதானேண்ணே?" அவன் குரலில் நக்கல் இல்லை.

கை போனதைக்கூட வீரையா சகித்துக்கொண்டார். இடக்கையால் சட்டைப் பொத்தான் பூட்டப் பழகிவிட்டார். அத்தனை வருஷம் கட்டிக்காத்த சொல் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை. சிரித்தவர்கள்கூட அந்தச் சொல்லுக்கு ஒரு கணம் தயங்கியிருக்கிறார்கள். அது இப்போதுதான் விளங்கியது.

இடமாற்றம் கேட்கப்போவதாக மனைவி ஜெயராணியிடம் சொன்னார்.

"அங்க என்னங்க குறை?"

"பார்த்துக்கிட்டு இருக்க முடியல."

இப்போது வேறொரு ஸ்டேஷன் வாசலில் நின்று, இறங்கிவரும் பயணிகளிடம் டிக்கெட் வாங்கும் வேலை பார்க்கிறார். நபீலின் ரயில் வரும் நாட்களில் இருவரும் அவசரமாகத் தேத்தண்ணி குடிப்பார்கள். யார்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தினேஸ் எப்படி இருக்கிறான் என்று மட்டும் வீரையா தவறாமல் கேட்பார்.