எலிக்கு என்று எழுதிய புண்ணாக்கு

ஆய்வுக்கூடத்தில் ஒரு மூலப்பொருளை மாற்ற அனுமதி கேட்டால், ஏழு நாளில் பதில் தர வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சுற்றறிக்கையை டைப் அடித்தவனே நான்தான் — திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தபோது.

போன வாரம் பீரோவை ஒழிக்கையில் பெருமுக்கல் ஊர்க்காரி ஜெசிந்தாவின் விண்ணப்ப நகல் இருந்த பழைய கோப்பு கையில் தட்டுப்பட்டது.

ஜெசிந்தா ஆராய்ச்சி மாணவி. எலியிலிருந்து எடுத்த செல்களை மூன்று வருஷமாகக் குடுவையில் வளர்த்துவந்தாள். அவற்றுக்குச் சாப்பாடு, கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து பிரித்த சீரம். அதில் பாதியைக் குறைத்து, மல்லாட்டைப் புண்ணாக்கின், அதாவது கடலைப் புண்ணாக்கின், புரதச் சாறு கலக்கலாமா என்று கேட்டிருந்தாள். மேலிடத்துக்கு அனுப்பினேன். ஏழு நாள்... மூன்று மாதம்... மூச்சே இல்லை.

அந்த மே மாதம், புதுச் சீரம் வந்த ஐஸ் பெட்டி பார்சல் ஆபீஸ் வெயிலில் கிடந்து கெட்டுப்போனது. ஜெசிந்தா ஓடி வந்தாள்.

"சார், பழைய பாட்டில்ல பாதி வேளைக்குத்தான் இருக்கு. நாளைக்குள்ள சாப்பாடு மாத்தலன்னா மொத்தமும் செத்துப்பூடும்!"

"அனுமதி வரலையேம்மா."

"அத செல்லுங்ககிட்ட நீங்களே வந்து சொல்லுங்க சார்."

விதியை மீற எனக்குத் தெரியாது. ஆனால், ஒரு விதிக்குப் பின்னால் இன்னொரு விதி எங்கே உட்கார்ந்திருக்கும் என்று தெரியும். ஆய்வுக்கூடத்துக்குத்தானே புண்ணாக்கு கூடாது? விலங்குக்கூடத்தின் தீவனப் பட்டியலில் அது இருக்கிறதே!

சீட்டு எழுதினேன். 'எந்த விலங்குக்கு?' — 'எலி.' பொய்யா? எலியின் செல்தானே!

விலங்குக்கூடத்து ஏழுமலை சீட்டை முறைத்தார். "இன்னா சார், நேத்து வரைக்கும் கேப்பை துன்னுக்கினு இருந்த எலி, இன்னிக்கு மல்லாட்டை கேக்குதா?"

"கேக்குது. ஜல்தி எடுங்க."

ஜெசிந்தா சாறு எடுத்து, வடிகட்டி, மிச்சச் சீரத்தோடு கலந்து ஊற்றினாள். இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். செத்த செல் உருண்டு மிதக்கும். உயிருள்ளது அடியில் ஒட்டியிருக்கும் என்றாள். மிதந்தால் அவளுக்கு மூன்று வருஷம் போச்சு. எனக்கு? சீட்டில் இருப்பது என் கையெழுத்து. ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி.

மூன்றாம் நாள் காலை, ஆய்வுக்கூடக் கதவருகே நின்றேன். உள்ளே குனிந்தவள் நிமிரவில்லை. ஒரு மைக்ராஸ்கோப்பில் இவ்வளவு நேரமா பார்ப்பார்கள்?

"சார்..." கண்ணை எடுத்துத் திரும்பினாள். "ஒட்டிக்கினு இருக்குதுங்க சார்! எல்லாமே!"

அவள் பட்டம் வாங்கி, விழுப்புரத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

அந்தக் கோப்பின் கடைசித் தாள், மேலிடத்துப் பதில். என் பெயருக்கு வந்ததால் கல்லூரியிலிருந்து வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். 'பரிசீலனையில் உள்ளது. அதுவரை செல்களை உள்ளது உள்ளபடியே வைத்திருக்கவும்.'

வந்து சேர்ந்த நாள்: நான் ஓய்வுபெற்ற மூன்றாம் வருஷம், சரியாகப் போகிக்கு முதல் நாள்.