புதிதாக வந்த பெண் சிங்கம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். விலங்கியலில் முதுகலை முடித்து, கல்யாணமாகி ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊருக்கு வந்தபோது, கணவரின் விசாவில் வந்தவள் வேலைக்குப் போகக்கூடாது என்றார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கவா படித்தேன்? ஆப்பிரிக்கச் சிங்கங்களை ஆராயும் ஒரு பேராசிரியை பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருப்பது தெரிந்து, நேரே போய்க் கதவைத் தட்டினேன். சம்பளமில்லாமல் உதவிக்கு வரலாம் என்றார்.

சிங்கத்தின் மீசை முடிகள் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகளிலிருந்து முளைக்கும். மேல்வரிசைப் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்பது சிங்கத்துக்குச் சிங்கம் வேறுபடும். ஒரே சிங்கத்துக்கு இடது கன்னம் வேறு, வலது கன்னம் வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து வரும், சிறு சட்டத்தில் செருகிய ஃபிலிம் ஸ்லைடுகளை விளக்குப் பலகையில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்து, அட்டைகளில் வரைந்து வைத்திருக்கும் முகங்களோடு ஒப்பிடுவது என் வேலை. இரண்டு மாதத்திலேயே அந்த ஆய்வகத்தில் என் கண்ணுக்கு இணையான கண் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் எங்கள் அபார்ட்மென்ட் பாட்லக்கில் இது பெரிய வேடிக்கை.

"சிங்கத்துக்கு மீசை எண்ணுறியாமே? எங்க வீட்டுக்காரர் வாரக்கணக்கா ஷேவ் பண்ணல, வந்து எண்ணிட்டுப் போயேன்" என்பார் மாடி வீட்டு ஆன்ட்டி.

"அவர் கர்ஜிப்பாரா ஆன்ட்டி?"

"எங்கிட்டயா? நல்லா கர்ஜிப்பாரே!"

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பள்ளத்தாக்கை. மாட்டை அடித்த சிங்கம் மிச்சத்தைத் தின்னத் திரும்பி வரும் என்று தெரிந்து, மாட்டுக்காரர்கள் செத்த மாட்டில் பூச்சிமருந்தைத் தடவி வைப்பார்கள். சிங்கங்கள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் வலது காது கிழிந்த ஒரு பெண் சிங்கம் அப்படிச் செத்தது. அதன் அட்டையின் மூலையில் நான்தான் கறுப்புக் கோடு போட்டேன். மிஞ்சியவை இரண்டு கிழட்டு ஆண்கள். பெண் சிங்கம் ஒன்றுகூட இல்லையென்றால் அங்கே சிங்கங்களுக்காகப் போட்டிருக்கும் காவலை வைத்துப் பயனில்லை, ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று பேராசிரியை சொல்லியிருந்தார்.

ஊரில் ஆடு மேய்க்கும் அப்பாவிடம் போனில் இதைச் சொல்லிப் பொருமினேன்.

"நம்ம பட்டியில நாய் பூந்து ஆட்டைக் கடிச்சப்ப நான் என்ன பண்ணுனேன்? மருந்துதான வெச்சேன்" என்றார். "அவனும் என்னையாட்டம் ஒருத்தன்தான் அம்மிணி."



அடுத்து வந்த ஸ்லைடுகளில் அந்தப் பள்ளத்தாக்கின் படம் ஒன்று இருந்தது. பெண் சிங்கம். இடப்பக்கம் திரும்பிய முகம், இடது காதில் கிழிசல். இடக்கன்ன அட்டைகள் அத்தனையோடும் ஒப்பிட்டேன். எதனோடும் பொருந்தவில்லை. அப்படியானால் வெளியிலிருந்து தானாக வந்து சேர்ந்த புதுச் சிங்கம்! பேராசிரியை எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். காவல் தொடரும் என்றார். அந்த வாரப் பாட்லக்குக்குக் கேசரி கிண்டி எடுத்துப்போனேன். "என்னடி, உங்க சிங்கத்துக்கு வளைகாப்பா?" என்றார் ஆன்ட்டி.

திங்கட்கிழமை, புதியவளுக்கு ஓர் அட்டை வரைய உட்கார்ந்தேன். ஸ்லைடை எடுத்துச் சாய்த்தபோது மற்றவை போல அது மின்னவில்லை. ஃபிலிமுக்குப் பளபளப்பான பக்கம் ஒன்று, மங்கலான பக்கம் ஒன்று. பளபளப்பு நம்மைப் பார்த்து இருந்தால்தான் படம் நேராகத் தெரியும். இதில் மங்கல் பக்கம் என்னைப் பார்த்திருந்தது. சட்டத்தில் செருகியவர்கள் ஃபிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

புரட்டி வைத்தேன். முகம் வலப்பக்கம் திரும்பியது. கிழிசல் வலது காதுக்கு வந்தது. எந்த அட்டையை எடுக்க வேண்டும் என்று கை அறிந்திருந்தது. கறுப்புக் கோடு போட்ட அட்டை. புள்ளிக்குப் புள்ளி சரியாக இருந்தது. பழைய படம், ஜீப்பில் எங்கோ கிடந்த ஃபிலிம் சுருளைத் தாமதமாகக் கழுவியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஸ்லைடை மறுபடி புரட்டிவைத்தால் யாருக்கும் தெரியாது. அந்த ஆய்வகத்தில் என் கண்ணைச் சரிபார்க்க இன்னொரு கண் இல்லை. காவலும் இருக்கும். ஆனால் இல்லாத சிங்கத்துக்கு எத்தனை நாள் காவல்? அதோடு, பொய் என்று தெரிந்த ஓர் அட்டையை என் கையால் எழுத என்னால் முடியாது. எனக்கென்று இருந்தது அந்தக் கண் ஒன்றுதான்.

பேராசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினேன். லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "உன் கண் அபாரம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாத முடிவில் காவலாட்களை மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து படங்கள் வரவில்லை.

அடுத்த பாட்லக்கில் ஆன்ட்டி என் தட்டில் வடை வைத்தபடி கேட்டார்: "உன் புதுப் பொண்ணு எப்படி இருக்கா?"

"புதுசு இல்ல ஆன்ட்டி. பழைய பொண்ணுதான், தப்பாப் பார்த்துட்டோம்."

"அதனால என்ன, தெரிஞ்ச பொண்ணுன்னா இன்னும் நல்லதுதானே" என்று சொல்லி இன்னொரு வடையை வைத்தார்.