வறுத்த தனியா

விவேக் நகர் ரெமிஜியஸுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுமடல்தான் சிவக்கும். பீர் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கொதிகலன் பார்த்தவர். அந்தக் காதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் பேச்சையே தொடங்குவார்கள். 2004-இல் வந்து சேர்ந்த இன்ஜினியர் கிரணுக்கு அந்த விவரமெல்லாம் எங்கே தெரியும்?

பெல்ஜியம் பாணியில் கோதுமை பீர் போடப் போகிறேன் என்று கிளம்பினான் கிரண். வெளிநாட்டு பாட்டில் ஒன்றைத் திறந்து ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தான். அரிசி கழுவின தண்ணீர் மாதிரிக் கலங்கல். லேசான புளிப்பு, ஆரஞ்சுத் தோல் வாசம், பின்னாலேயே எலுமிச்சையைக் கீறினாற்போல் ஏதோ ஒன்று.

"அது தனியா. அரைக் கிலோ இடிச்சுக் கொண்டு வாங்க" என்றான் ரெமிஜியஸிடம்.

ரெமிஜியஸ் மனைவி ஜோசஃபினிடம் சொன்னார். கம்பெனி பீரில் தன் கைமணம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாணலியில் போட்டு மணக்க மணக்க வறுத்து, இடித்து, டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள்.

கொதிகலன் பக்கத்தில் நின்று டப்பாவைத் திறந்தார். எலுமிச்சையைக் காணோம். சாட்சாத் சாம்பார்.

"சார், வாசனை வேற மாதிரி இருக்கு. வேணாம் சார்."

"உங்க மூக்க இதுல நுழைக்காதீங்க. சொன்னதச் செய்யுங்க."

காது சிவந்தது. கொட்டினார்.

மூன்று வாரம் கழித்து முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். "இட்லி எங்கப்பா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முந்நூறு லிட்டரும் சாக்கடைக்குப் போனது.

தனியாவை யார் வறுத்தது என்று விசாரித்துவிட்டுக் கிரண் ஒரு தாளை நீட்டினான். "என் சம்சாரம் தெரியாம வறுத்துட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"இன்னா சொன்ன?" சார், மோரெல்லாம் அத்தோடு போயிற்று. "வறுக்காம எவ ஊட்லடா தனியா இடிப்பா? பச்சையா வேணும்னு நீ வாயத் தொறந்து சொன்னியா? நான் சொன்னப்போ கேட்டியா? என் பொண்டாட்டி பேரு உன் ஃபைல்ல வரணுமா?"

தாளைப் பிடுங்கித் தமிழில் எழுதினார்: 'வாசனை சரியில்லை என்று அப்போதே சொன்னேன். கிரண் சார்தான் கொட்டச் சொன்னார்.' முதலாளிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படித்துக் காட்டியவன் கிரண். பாவி, என்னத்தைப் படித்தானோ! சாயங்காலமே கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு இவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது ஜோசஃபினை நாலு வார்த்தை கேட்டே தீருவது என்றுதான் வந்தார். வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னாங்க, இன்னைக்குத்தானே குடிச்சுப் பாத்தாங்க? என் தனியா எப்டி இருந்துச்சாம்?"

காது இன்னும் சிவந்துதான் இருந்தது. செருப்பைக் கழற்றி உதறினார்.

"உன் தனியாவுல ஒரு குத்தமும் இல்ல" என்றார். "நாளையிலேர்ந்து எனக்கு டிபன் கட்ட வேணாம்."