திரையில் இட்ட திருமண்

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு நண்பர் இருந்தார். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாசுரங்களுக்கு நான் உரை எழுதுவது, ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு கோட்டுச் சித்திரம் வரைவது, இரண்டையும் சேர்த்து நூலாக்குவது என்று ஒப்புக்கொண்டிருந்தோம். அதற்காகவே கணினி வாங்கினேன். வரைந்த சித்திரங்களை அதில் ஏற்றிச் சரிசெய்ய அவரும் வாரந்தோறும் எங்கள் வீட்டுக்கு வருவார்.

அதை அமைத்துக் கொடுத்தவர் ஐயம்பேட்டைக்காரர். இரண்டு வகைத் திரைமுகப்புகளைக் காட்டினார். ஒன்று வெறுமையானது, வேகமானது. மற்றொன்றில் பட்டியல்கள் எல்லாம் தமிழில் இருந்தன. அலங்காரம் மிகுதி, வேகம் குறைவு. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். நண்பர் இடக்கைக்காரர் என்பதால் மவுஸின் பொத்தான்களை இடவலம் மாற்றி வைத்தேன். பெருமாள் படத்தைப் பின்னணியாக இட்டபோது குப்பைத்தொட்டிச் சின்னம் திருவடியின்மேல் வந்து உட்கார்ந்தது. அதை மூலைக்கு நகர்த்தி நிறுத்த ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று.

படத்தில் பெருமாளின் நெற்றியில் திருமண் மங்கலாக இருந்தது. அதை நானே திருத்தி, எங்கள் வழக்கப்படி கீழே மூக்கின்மேல் பாதம் வைத்துப் பளிச்சென்று இட்டேன். நண்பர் பாதம் வைக்காமல் இடுகிற மரபினர். ஒரே பெருமாள், ஒரே பாசுரம். நெற்றிக் குறியில் மட்டும் தலைமுறைகளாகத் தீராத வழக்கு. மறந்து செய்தேன் என்று நான் சொன்னால் அது பொய்.

மறுநாள் வந்தவர் திரையில் பெருமாளின் நெற்றியைப் பார்த்தார்.

"ஏன் ஓய், வெறும் நீலமா வெச்சுக்கலாமே?"

"பெருமாள் இல்லாத திரையிலயா பாசுரம் எழுதறது?"

"பெருமாள் தாராளமா இருக்கட்டும். நேத்து ராத்திரி உம்ம ஆத்துக்கு வந்து இட்டுண்டு போயிருக்காரே, அதைச் சொல்றேன்."

"என் ஆத்துக்கு வந்தா என் ஆத்து வழக்கம்தான் ஸ்வாமி."

அவர் சிரித்தார். அன்று ஒரு சித்திரத்தை முடித்துக் கொடுத்தார். அது பதினோராவது. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ஐயம்பேட்டைக்காரர் ஒருநாள் வந்தபோது விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏன் சாமி மனஸ்தாபம்? அவர் பேர்ல தனியா ஒரு முகப்பு போட்டுட்டா, அவர் உள்ள போனா அவர் படம் வரும், நீங்க போனா உங்க படம். அஞ்சு நிமிஷ வேலை சாமி" என்றார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு முகப்பு போதும்" என்றேன். அதைப் பக்தி என்று அன்று நினைத்தேன். மற்றவர் தாமாக இறங்கி வரவேண்டும் என்ற பிடிவாதம் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

இரண்டு ஆண்டுகள் தனியாக உரை எழுதினேன். உற்சவங்களில் அவரைத் தொலைவில் பார்ப்பேன்; இருவரும் தலையசைத்துக்கொள்வோம். உரை முடிந்த பிறகுதான் அவர் வீட்டுப் படியேறினேன். நீலப் பின்னணியோடு அவர் பெயரில் ஒரு முகப்பு அமைத்திருப்பதாகச் சொன்னேன்.

"காபி சாப்பிடுங்கோ" என்று டம்ளரை என்னிடம் நீட்டினார். அது என் கைக்கு வருமுன் பாதி தரையில் சிந்தியது. "பாத்தேளோன்னோ? ஒரு வருஷமா இப்படித்தான். நேர்கோடு போடறதுகூட முடியலை. போன வருஷத்துக்கு முன்னாடி வந்திருக்கலாம் ஓய்."

குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. பதினோரு சித்திரங்களோடு நூல் வெளிவந்தது. பன்னிரண்டாம் பாசுரத்திலிருந்து எழுத்து மட்டுமே இருக்கிறது.