நாயன நடைக்கு நிற்காத கியர்

விராலிமலை ஆவுடையப்பனுடைய காரில் ஒரே ஒரு கோளாறுதான் இருந்தது. கல்யாண ஊர்வலத்தில் மட்டும் அதன் ஒண்ணாம் கியர் நிற்காது.

முதன்முதலில் அது நேர்ந்தது 1939 வைகாசியில், இலுப்பூரில். மாப்பிள்ளை மாலையோடு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நாயனமும் தவிலும் போய்க்கொண்டிருந்தன. கடைத்தெரு திரும்பும் இடத்தில் கியர் ராடு தானாகவே துள்ளிப் பின்னுக்கு வந்தது. இன்ஜின் அலறியது, சக்கரம் அசையவில்லை. ஆவுடையப்பன் மறுபடியும் கியரை மாட்டினார். சிறிது தூரம் போனதும் மறுபடியும் கழன்றது. அடுத்த முறை மாட்டும்போது உள்ளே பற்கள் உரசிய சத்தத்தில் தவில்காரர் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் பெண்வீட்டு ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே இருக்கக் காரைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பந்தலில் சேர்த்தார்கள்.

ஆவுடையப்பன் அதற்கு முன் திருச்சி–மதுரை சாலையில் பஸ் ஓட்டியவர். கியர் மாற்றும் சத்தம் பயணிகள் காதில் விழக்கூடாது என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட விதி. திருச்சியில் வேலை பார்த்த வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது, அவருடைய கார் ஏலத்துக்கு வந்தது. நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, மடக்கிப் பின்னால் தள்ளிவிடக்கூடிய துணிக்கூரை. பந்தயச் சாலைகளில் பறப்பதற்கென்று செய்யப்பட்ட வண்டி அது. புளியந்தோப்பை விற்று அதை வாங்கிய ஆவுடையப்பன் வேகத்துக்காக வாங்கவில்லை. கூரை இல்லாத காரில் உட்கார்ந்தால் மாப்பிள்ளையின் முகம் தெரு முழுவதற்கும் தெரியும் என்று கணக்கிட்டு வாங்கினார். அந்தக் கணிப்பு சரியாகவே இருந்தது. இரண்டு ஆண்டுகள் அவருடைய கார் இல்லாமல் அந்த வட்டாரத்தில் பெரிய வீட்டு மாப்பிள்ளை அழைப்பு நடக்கவில்லை.

இலுப்பூருக்குப் பிறகு அடுத்த கல்யாணத்திலும் கியர் கழன்றது, அதற்கடுத்ததிலும் கழன்றது. ஒருமுறை ஊர்வலம் புறப்படுவதற்கு முன்பே அவர் நாயனக்காரரிடம் போய்க் கேட்டுப் பார்த்தார்.

"அண்ணே, இன்னைக்குக் கொஞ்சம் எட்டு வச்சு நடந்தீங்கன்னா எனக்குத் தோதா இருக்கும்."

நாயனக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். "ஏந்தம்பி, நான் என்ன மதுரை பஸ்ஸா பிடிக்கப் போறேன்? ராகம் முடியாம எனக்குக் கால் நகராது. ஒனக்கு அவசரம்னா நீ முன்னால போ. மாப்பிள்ளையை எறக்கி விட்டுட்டுப் போ."

காரை வாடகைக்குக் கேட்பவர்கள் குறைந்தார்கள். அதைக்கூட ஆவுடையப்பன் பொறுத்திருப்பார். ஆனால் அடுத்த வைகாசியில் அவருடைய அக்காள் காத்தாயியின் மகன் ராக்கனுக்குக் கொடும்பாளூரில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. தாய்மாமன் கையால்தான் மாப்பிள்ளை அழைப்பு நடக்க வேண்டும். அதுவும் தம்பியின் காரில்தான் நடக்கும் என்று காத்தாயி, அவர் கார் வாங்கிய நாளிலிருந்தே புகுந்த வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பேச்சை அவளுடைய கொழுந்தன் பிச்சைமுத்து மறக்கவில்லை. நிச்சயதார்த்தத்தன்று, ஆவுடையப்பன் இலையில் உட்கார்ந்திருக்கும்போதே, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"அண்ணி, ஒங்க தம்பி காரைத் தள்ள ஆளு நாங்க கூட்டியாரணுமா? இல்ல, காரோட அதுவும் சேர்ந்து வந்துருமா?"

பந்தி முழுவதும் சிரித்தது. மச்சான் முறைக்காரர் கேலி செய்தால் கோபித்துக்கொள்ள முடியாது. ஆவுடையப்பனும் சிரித்து வைத்தார். ரசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து மெக்கானிக் தேடுவதே அவருக்கு வேலையாயிற்று. புதுக்கோட்டையில் பஸ் ஷெட்டு ஒன்றில் இருந்தவர் காரை வாங்கித் திருச்சி சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வண்டியில் குறை ஒன்றும் இல்லை என்றார். ஆவுடையப்பன் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து எல்லையைத் தாண்டித் திருச்சிக்குப் போனார். அங்கே கியர் பெட்டியின் எண்ணெயை மாற்றினார்கள், சாலையில் ஓட்டினார்கள், கியர் கழலாமல் நின்றது. மதுரையில் கிளட்சைக் கழற்றி மாட்டினார்கள். அங்கேயும் ஓட்டிப் பார்த்தபோது கியர் நின்றது. வண்டி ஓட்டுபவரின் கையில்தான் கோளாறு என்று மதுரைக்காரர் நாசூக்காகச் சொன்னதைப் பஸ் ஓட்டிப் பிழைத்த ஆவுடையப்பனால் செரிக்க முடியவில்லை. வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் நின்றுவிடும் பல்வலியைப் போல, மெக்கானிக் ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கார் ஒழுங்காகிவிடும்.

"அதை வித்துத் தொலைங்க" என்றாள் அவர் மனைவி சொர்ணம். "ஒரு வில்வண்டி கட்டிக்கிட்டு மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா தாலி கட்ட மாட்டேன்னா சொல்லப் போறான்?"

"ஒங்க ஊர்க் கல்யாணமா இருந்தா நீ அப்படிச் சொல்லுவியா?"

"எங்க ஊர்க் கல்யாணத்துக்கு நீங்க பஸ்ஸுலதான வந்தீங்க."



1940 மார்ச்சில், இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லாரிகளைப் பழுது பார்க்கும் பங்கிராஸ் என்பவர் பாஸ்கு என்னும் ஈஸ்டர் திருநாளுக்காகச் சொந்த ஊரான ஆவூருக்கு வந்திருப்பதாக அவருக்குத் தெரியவந்தது. பெரிய வியாழனன்று காரோடு போய் நின்றார். பங்கிராஸ் முப்பது வயதுக்காரர். பேச்சில் கொழும்பு வாடை ஏறியிருந்தது. காரைச் சுற்றி வந்து ஆசையோடு தொட்டுப் பார்த்தார். ஆனால் ஸ்பானரை எடுக்க மறுத்துவிட்டார்.

"பெரிய வெள்ளி கழியட்டும்ணே. நாளைக்கு இரும்பைத் தொட்டேன்னா எங்க ஆத்தா என்னைக் கப்பல் ஏற விட மாட்டா."

"இன்னைக்கு வியாழன்தானய்யா."

"இன்னைக்குக் கழட்டினா நாளைக்குத்தான மாட்டணும்?"

ஆவுடையப்பன் திரும்பிப் போய், திருநாள் முடிந்து திங்கட்கிழமை மறுபடியும் வந்தார். பங்கிராஸ் காரை விராலிமலைச் சாலையில் விரட்டிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார். இறங்கும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அருமையான வண்டிண்ணே. ஒரு குறையும்..."

"சொல்லாதே" என்றார் ஆவுடையப்பன். "அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே. மூணு ஊர்ல கேட்டுட்டேன். காதே புளிச்சுப்போச்சு. இது கல்யாணத்துல கழலுது. நீங்க எல்லாரும் ரேஸ்ல ஓட்டிப் பாக்குறீங்க. நாயனக்காரன் நடக்குற நடைக்கு ஒருத்தராவது ஓட்டிப் பாத்தீங்களா?"

பங்கிராஸ் சாலையை இரு பக்கமும் பார்த்தார். "அது நியாயந்தான். நாயனத்துக்கு இப்ப எங்க போறது?"

நாயனம் கிடைக்கவில்லை, ஆட்டு மந்தை கிடைத்தது. மருதாயி என்ற பெண் சாலை நிறைய ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். பங்கிராஸ் காரை ஒண்ணாம் கியரில் போட்டு, மந்தையின் பின்னால் அதே நடையில் ஊர்ந்தார். ஆவுடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழி விடுவதற்காக மருதாயி ஆடுகளை ஓரத்துக்கு விரட்டினாள். கார் முந்தாமல் பின்னாலேயே வந்தது. அவள் நின்று திரும்பினாள்.

"போங்க சாமி, வழி விட்டாச்சுல்ல."

"நீங்க முன்னால நடங்க ஆத்தா" என்றார் பங்கிராஸ். "நாங்க பின்னாலயே வாரோம்."

"என்னாத்துக்கு? என் கெடாவுக்கு மாப்பிள்ளை அழைப்பா?"

அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் கியர் ராடு துள்ளி வெளியே வந்தது. ஆவுடையப்பனுக்கு அந்தக் கணத்தில் ஏற்பட்ட மகிழ்ச்சி, கார் வாங்கிய நாளில்கூட ஏற்பட்டதில்லை. பங்கிராஸ் கியரை மறுபடி மாட்டி, ராடின் மேல் விரல்களை மட்டும் வைத்துக்கொண்டு மந்தையைப் பின்தொடர்ந்தார். மறுபடியும் கழன்றது.

அன்று மாலை கியர் பெட்டியைத் திறந்து பார்த்துச் செய்தியைச் சொன்னார். ஒண்ணாம் கியரின் பற்கள் தேய்ந்து ஓரம் சரிந்திருந்தன. ராடைப் பிடித்து நிறுத்தும் சிறிய ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. இன்ஜின் தொடர்ந்து இழுக்கும்போது பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நாயன நடைக்கு ஏற்ப விட்டுவிட்டு ஓட்டினால் வழுக்கி விலகும். சாலையில் ஓட்டியவர்கள் ஒண்ணாம் கியரைக் கடந்துபோன நேரம் கண்ணிமைக்கும் நேரம்தான். அதனால் அது யாருக்கும் புலப்படவில்லை.

"சரி பண்ணு."

"பல்லு புதுசா சீமையிலேருந்து வரணும்ணே. அங்க சண்டை நடக்குது. கப்பல்ல குண்டு போகுமா, ஒங்க பல்லு வருமா?"

"வேற எதுவும் பண்ண முடியாதா?"

"ஸ்பிரிங்கு ஒண்ணு வெட்டிப் போடுறேன். அது பாதிதான் தாங்கும். மீதிக்கு ஒங்க கைதான். ஒண்ணாம் கியரைப் போட்டதும் ராடை முன்னால அமுக்கிப் பிடிச்சுக்கங்க. எடுத்தீங்கன்னா வந்துரும். ஊர்வலம் நின்னாலும் கையை எடுக்காதீங்க. மறுபடி மாட்டுறப்ப அது கத்துற கத்துல பொண்ணு வீட்டுக்காரன் ஓடிருவான்."

"கயித்தால இழுத்துக் கட்டிட்டா?"

"கயித்துக்கு அது துடிக்கிறது தெரியாதுண்ணே. பாதி நழுவுனபடி நின்னு இருக்கிற பல்லையும் அரைச்சிரும். கைன்னா தெரியும், அப்பப்ப அழுத்தம் குடுக்கலாம்."

இத்தனை ஊர் அலைந்ததற்குக் கிடைத்த முடிவு இதுதான்: காரைச் சரிசெய்ய முடியாது; பிடித்துக்கொள்ளலாம். பங்கிராஸ் அந்த வாரமே கப்பலேறினார். ஆவுடையப்பன் மந்தை போகும் பாதைகளில் ராடை அமுக்கிப் பிடித்தபடி ஓட்டிப் பழகினார். கல்யாண நாள் நெருங்கியபோது அவருடைய இடது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஆனால் கியர் ஒருமுறைகூடக் கழலவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் அந்திப்பொழுது கொடும்பாளூர்ப் பிள்ளையார் கோவிலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. ராக்கன் பட்டு வேட்டியும் மாலையுமாக அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். முன்னால் நாயனம், இரு பக்கமும் பெட்ரோமாக்ஸ் விளக்கு, பின்னால் காத்தாயியும் சீர்த்தட்டு ஏந்திய பெண்களும். பிச்சைமுத்து காரை ஒட்டியே நடந்து வந்தார். முதல் தெரு கடந்தது. கார் நிற்கவில்லை. காத்தாயி யாரிடமோ உரக்கப் பேசிச் சிரிப்பது ஆவுடையப்பன் காதில் விழுந்தது.

இரண்டாவது தெருவில்தான், தாம் யோசிக்காமல் விட்ட ஒன்று அவருக்கு உறைத்தது. வீட்டுக்கு வீடு பெரியவர்கள் வாசலுக்கு வந்து, மாப்பிள்ளையை நடத்திவரும் தாய்மாமனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவருடைய இடது கை ராடில் இருந்தது. ஒற்றைக் கையால் கும்பிட முடியாது. தலையை மட்டும் அசைத்தார். கும்பிட்டவர்கள் கையை இறக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒடம்பு சரியில்லையோ?" என்றது ஒரு குரல்.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் பிச்சைமுத்து, நடந்தபடியே. "கார் வச்சிருக்கிறவுகள்ல. நம்மளை எல்லாம் தலையாலதான் கும்பிடுவாக."

காத்தாயியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் காரின் பக்கவாட்டுக்கு வந்தாள். "தம்பி, எல்லாரும் கும்பிடுறாக. நீ என்ன செலையாட்டம் வார?"

"கையை எடுக்க முடியாதுக்கா."

"ஏன்?"

மச்சான் காதில் விழும்படி அவர் அதை எப்படிச் சொல்வார்?  தெருக்கோடியில் பந்தல் தெரிந்தது. பெண்ணின் தகப்பனார் திருப்பதி, சந்தனக் கிண்ணத்தோடு பங்காளிகள் சூழ எதிரே வந்துகொண்டிருந்தார். கையை எடுத்தால், இலுப்பூர் இங்கேயும் நடக்கும். எடுக்காவிட்டால், சம்பந்தியின் கும்பிடை வாங்கிக்கொண்டு சும்மா இருந்த மாமன் என்ற பேர் ராக்கனின் குடித்தனம் உள்ளவரை அக்காள் தலையில் ஏறியிருக்கும். ஆவுடையப்பன் அந்தக் காரைச் செய்தவனையும், விற்றவனையும், வாங்கிய தம்மையும் மனத்துக்குள் திட்டித் தீர்த்தார்.

"மாமா" என்றான் ராக்கன், உதடு அதிகம் அசையாமல். "கையை எடுங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

"ஒனக்கு இது தெரியாதுடா."

"முன்னால அமுக்கணும். துடிச்சா இன்னும் அமுக்கணும். கோயில்லேருந்து அதைத்தான பாத்துக்கிட்டு வாரேன். சந்தனம் வந்துருச்சு, எடுங்க."

மாப்பிள்ளையின் வலது கை, தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தின் மறைவில் இறங்கி, மாமன் கையின் மேல் வந்து படிந்தது. ஆவுடையப்பன் தம் கையை உருவிக்கொண்டார். திருப்பதி எதிரே வந்து கும்பிட்டார். ஆவுடையப்பன் ஸ்டீரிங்கையும் விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக் கும்பிட்டார். பிறகு வலப்பக்கம், இடப்பக்கம், வாசலில் நின்ற சிறுபிள்ளைகள் உட்பட எல்லாரையும் கும்பிட்டார். கார் நாயன நடையில் ஊர்ந்து பந்தல் வாசலைச் சேர்ந்தது. இன்ஜினை அணைத்தபின்தான் மாப்பிள்ளை கையை எடுத்தான். அதுவரை அவன் இறங்காததை, கொழுந்தியாள் கை கொடுத்தால்தான் இறங்குவான் போலும் என்று பெண்வீட்டார் கேலி பேசினார்கள்.

சீமையிலிருந்து பல் வரவில்லை. ஆவுடையப்பன் மறுபடியும் பஸ் ஓட்டப் போனார். கார் கொட்டகையில் நின்றது. அடுத்த தை மாதம் பிச்சைமுத்து, வெற்றிலை பாக்குத் தட்டோடு அவரைத் தேடி வந்தார். மூத்த மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. கொடும்பாளூரில் போனது போலவே நிற்காமல் போக வேண்டும். பழசையெல்லாம் மச்சான் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்.

ஆவுடையப்பன் தட்டை வாங்கிக்கொண்டு, உண்மையாகவே யோசித்தார்.

"தர்றதுல ஒண்ணுமில்ல மச்சான். மாப்பிள்ளைக்குக் கியர் பிடிக்கத் தெரியுமா?"

பிச்சைமுத்து தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். தாம் அன்று செய்த கேலிக்கு ஆவுடையப்பன் இன்று பழி தீர்த்துவிட்டதாக ஊரில் சொல்லித் திரிந்தார். விசாரிக்க வேண்டியதை விசாரித்ததில் என்ன தப்பு என்பது ஆவுடையப்பனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.