பியானோவுக்கு வைத்த பொட்டு

“பியானோவுக்குப் பொட்டு வெச்ச ஆயாம்மா மவதானே நீ? இப்ப ரிப்பேரு வேற பாக்கப் போறியாக்கும்?”

பள்ளி மேனேஜர் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டபோது நான் ஆறாம் வகுப்பு. அரியலூருக்குப் பக்கத்தில், சிமெண்ட் லாரிகள் ஓடும் சாலையில் இருந்தது எங்கள் பள்ளி. அம்மா அங்கே ஆயா. அதனால் எனக்குக் கட்டணமில்லாத படிப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவின் வேலை போனால் என் படிப்பும் போய்விடும்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் பக்கம் எதையும் விட்டுவைக்க மாட்டோம். லாரி, தண்ணீர் மோட்டார், ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. அந்த வருடம் மியூசிக் ரூமைக் கூட்டப் போன அம்மாவுக்கு, சுவரோரம் நின்ற பியானோவை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை. மூடியைத் திறந்து, வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை ஒன்று விடாமல் ஈர்க்குச்சியால் தொட்டுப் புள்ளி புள்ளியாகப் பொட்டு வைத்தார். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் கூடவே நகர்ந்தேன்.

விடுமுறை முழுக்க மழை. பள்ளி திறந்ததும் மியூசிக் மிஸ் வாசிக்க உட்கார்ந்தார். அழுத்திய வெள்ளைக் கட்டைகள் அமுங்கியபடியே கிடந்தன. ஒன்றும் மேலே வரவில்லை.

மேனேஜர் வந்து பொட்டுகளைப் பார்த்தார். அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை.

“சந்தனம் உள்ள வழிஞ்சு ஒட்டிக்கிச்சு. திருச்சிலேருந்து ஆளு வந்து பாக்கட்டும். அப்புறம் ஆயாம்மா வேலைக்கு வரணுமா வேணாமான்னு முடிவு பண்ணிக்கலாம்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கட்டைகளை அழுத்திப் பார்த்தேன். வெள்ளை போனால் போனதுதான். கறுப்போ துள்ளிக்கொண்டு மேலே வந்தது. அடுத்த கறுப்பும் வந்தது. எல்லாக் கறுப்பும் வந்தன.

“மிஸ், கறுப்புக்கும்தான் பொட்டு வெச்சோம். அது ஏன் மிஸ் ஒட்டல? தொறந்து பாக்கலாமா?”

அப்போதுதான் மேனேஜர், ‘ரிப்பேரு வேற பாக்கப் போறியாக்கும்’ என்று கேட்டுச் சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை. குனிந்து, வெள்ளைக் கட்டைகளின் நுனிக்கும் அதற்கு முன்னால் நீளமாக ஓடும் பலகைக்கும் நடுவே நகத்தை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

“இங்க எடம் இருக்கணுமே. சார், ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுத்தனுப்புங்க.”

அடியில் இருந்த திருகுகளைக் கழற்றிப் பலகையை எடுத்ததும், அமுங்கிக் கிடந்த கட்டைகள் மொத்தமாக எழுந்தன, அசெம்பிளியில் பிள்ளைகள் எழுவதுபோல. மழை ஈரத்தில் உப்பிய பலகை வெள்ளைக் கட்டைகளின் நுனியை இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கறுப்புக் கட்டைகள் அவ்வளவு தூரம் முன்னால் வருவதில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கத்தரித்து, திருகு வரும் இடங்களில் இடைவெளி விழும்படி துண்டு துண்டாக அண்டை கொடுத்து, மிஸ் பலகையைத் திரும்ப மாட்டினார். இப்போது நகம் நுழைந்தது. வாசித்தார். பொட்டு வைத்த அத்தனை கட்டைகளும் போய்ப் போய் வந்தன.

“மழைன்னா அப்படித்தான்,” என்று முன்பே தெரிந்தவர்போல் சொல்லிவிட்டு மேனேஜர் போனார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், “நான் தொட்டதுனால கெடல. என்னால கெடல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். வேலை தப்பிய சந்தோஷம் என்று நினைத்து நானும் சிரித்தேன். வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது எனக்கு உறைக்கவே வெகுகாலம் ஆனது. வேலை போயிருந்தால் கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போயிருப்பார். ஆசையாகத் தொட்டதைத் தன் கையே கெடுத்துவிட்டது என்றால், அந்தப் பாரத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

பெரம்பலூரில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, இப்போது சென்னையில் பியானோ பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். நேற்றுதான் முதன்முதலாகத் தனியாக ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“எங்க மாமியார்தாங்க, தொடைக்கிறேன் தொடைக்கிறேன்னு கெடுத்து வெச்சுட்டாங்க,” என்றார் அந்த வீட்டுக்காரப் பெண். மாமியார் சமையலறை வாசலிலேயே நின்றார்.

“தொறந்து பாத்துட்டுச் சொல்றேங்க,” என்று சொல்லி, முதல் திருகைக் கழற்றினேன்.